டைபீரியஸ் கிராக்கஸ்

ரோமாபுரியின் பெருமையைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் அதன் படைத் தலைவர்களையே எடுத்துக் கூறுகின்றனர். ஹானிபாலை முறியடித்த ஸிப்பியோவையும், பேரரசுக்கு வழி வகுத்த ஜூலியஸ் ஸீஸரையும் அறியாதார் இல்லை. ஆனால் அவ்வெற்றிகளால் ரோமானியக் குடியரசின் வேரில் பற்றிய நோயைக் கண்டு, அதற்கு மருந்து தேட முயன்று, அம்முயற்சியிலேயே உயிர் துறந்த ஒருவரை நினைப்பார் மிகச் சிலரே. அவர் டைபீரியஸ் கிராக்கஸ். குடியரசு எதனால் வளர்கிறது, எதனால் தேய்கிறது என்று ஆராய்வோர் அனைவரும் அவருடைய சரித்திரத்தை அறிய வேண்டுமென்பது நமது துணிபு.

ரோமானியர் தங்கள் அரசனை விரட்டிக் குடியரசை ஸ்தாபித்தது கி.மு. 509-ல் என்பது அவர்களுடைய மரபுக் கணக்கு. ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு கான்ஸல்கள் அரசனுடைய அதிகாரத்தை ஏற்றனர். ஆயினும் அது முதலில் பிரபுக்களின் குடியரசாகவே இருந்தது. கி.மு. 494-ல் எளிய ஜனங்கள் ஆயுதம் ஏந்த மறுத்துக் கூட்டமாக நகரை விட்டு வெளியேறி ஒரு குன்றின்மேல் போய் அமர்ந்தனரென்றும், அதன் பிறகே தங்களுக்கென டிரிப்யூன்கள் என்ற பாதுகாவலரைப் பெற்றனரென்றும் சரித்திரம் கூறும். டிரிப்யூனின் மேனியை எவரும் தீண்டலாகாது. எந்த அதிகாரியின் செயலையும் அவர் ஒரு சொல்லால் தடுத்து நிறுத்தலாம். கி.மு. 450-ஐ ஒட்டிச் சட்டங்கள் பன்னிரண்டு பலகைகளில் எழுதி வைக்கப்பட்டன. கி.மு. 367-ல் கான்ஸல் பதவி எளியோருக்கும் திறக்கப்பட்டது. கி.மு. 287-ல் ஜனசபையின் தீர்மானம் பிரபுக்களையும் கட்டுப்படுத்துமென்று ஆயிற்று. இருநூறு ஆண்டுப் போராட்டம் பெரிய உள்நாட்டு யுத்தமின்றியே பலன் தந்தது.

இக்குடியரசின் சேனை யாது? கூலிப் படையன்று. ஏர் பிடித்த கையே ஈட்டியும் பிடித்தது. ஓரளவு சொத்துடையவனே படையில் சேரலாமென்பது சட்டம். காக்க வேண்டிய நிலம் உடையவனே நாட்டைக் காப்பான் என்பது அவர்கள் கருத்து. வென்ற இத்தாலிய ஊர்களிடம் ரோமானியர் கப்பம் கேட்கவில்லை. போர்வீரரையே கேட்டனர். சிலவற்றுக்குக் குடியுரிமையும் அளித்தனர். கி.மு. 216-ல் கானே என்னுமிடத்தில் ஹானிபால் பல்லாயிரம் ரோமானியரை ஒரே நாளில் வீழ்த்தியும் ரோமாபுரி பணியாததற்குக் காரணம் இதுவே. மடிந்த படைக்கு ஈடாக மறுபடை தர இத்தாலியின் வயல்களில் உழவர் இருந்தனர்.

ஆனால் வெற்றி மேல் வெற்றி வந்தபோது இந்த உழவனுக்கு நேர்ந்தது என்ன? ஸ்பெயினிலும் கிரீஸிலும் ஆப்பிரிக்காவிலும் அவன் ஆண்டுக்கணக்கில் போர் புரிந்தான். அவனுடைய வயலோ தரிசாயிற்று. கி.மு. 146-ல் கார்த்தேஜும் கொரிந்தும் ஒரே ஆண்டில் அழிக்கப்பட்டன. கொள்ளைப் பொருளும் அடிமைகளும் ரோமாபுரிக்குள் வெள்ளமாகப் பாய்ந்தனர். யுத்தத்தில் கைப்பற்றிய பொது நிலத்தைச் செல்வர் வளைத்துக்கொண்டு அடிமைகளைக் கொண்டு பயிரிட்டனர். ஒருவர் 500 யூகெராவுக்கு, அதாவது சுமார் 310 ஏக்கருக்கு, மேல் பொது நிலம் வைத்திருக்கலாகாது என்ற பழைய சட்டம் ஏட்டில் உறங்கியது. உலகை வென்ற வீரன் தன் ஊரில் ஒரு சாண் நிலமின்றி நின்றான்.

இந்த நிலைமையில் பொது வாழ்வில் நுழைந்தவரே டைபீரியஸ். கி.மு. 163-ஐ ஒட்டிப் பிறந்த அவர் ஏழைக் குடியினரல்லர். தந்தை இருமுறை கான்ஸல் பதவி வகித்தவர். தாய் கார்னீலியா, ஹானிபாலை வென்ற ஸிப்பியோவின் மகள். பன்னிரண்டு மக்களைப் பெற்ற அவ்வம்மையாருக்கு எஞ்சியவர் மூவரே. கணவனை இழந்த பின் எகிப்து மன்னன் மணம் பேச வந்தும் மறுத்து, மக்களை வளர்ப்பதையே தம் கடமையாகக் கொண்டாரென்பர். கிரேக்க ஆசிரியரை வைத்து அவர்களுக்குக் கல்வி புகட்டினார்.

டைபீரியஸ் இளமையிலேயே கார்த்தேஜ் முற்றுகையில் புகழ் பெற்றார். கி.மு. 137-ல் பொக்கிஷ அதிகாரியாக ஸ்பெயினுக்குச் சென்றபோது, நுமான்ஷியா வீரர் ரோமானியப் படையைச் சூழ்ந்துகொண்டனர். அவருடைய தந்தை முன்னர் அந்நாட்டாரிடம் நேர்மையாக நடந்தவராதலால் அவர்கள் டைபீரியஸின் சொல்லையே நம்பினர். அவர் செய்த உடன்படிக்கையால் 20,000 ரோமானியர் உயிர் பிழைத்தனர். ஸெனேட் சபையோ அதை அவமானமென்று தள்ளிவிட்டுத் தலைமை வகித்த கான்ஸல் மான்ஸினஸைக் கட்டிப் பகைவரிடம் ஒப்படைத்தது. தாம் கொடுத்த வாக்கைத் தம் நாடே மீறியதை டைபீரியஸ் மறக்கவில்லை. அவ்வாறு ஸ்பெயினுக்குச் செல்லும் வழியில் எட்ரூரியா நாட்டில் உழவரையே காணாது, அயல்நாட்டு அடிமைகளையே வயல்தோறும் கண்டு அவர் மனம் கலங்கியதாகத் தம்பி கேயஸ் எழுதி வைத்தார்.

கி.மு. 133-ல் டைபீரியஸ் டிரிப்யூன் ஆனார். அவர் கொணர்ந்த சட்டம் பழைய வரம்பைப் புதுப்பித்ததேயன்றி வேறில்லை. பொது நிலத்தில் 500 யூகெரா வரை செல்வர் வைத்துக்கொள்ளலாம். மகன் ஒவ்வொருவனுக்கும் 250 கூடுதலாகக் கொள்ளலாம். மிகுந்ததை மட்டும் அரசு எடுத்து, விற்க முடியாத நிபந்தனையுடன் ஏழைகளுக்குப் பங்கிடும். எவருடைய சொந்த நிலத்தையும் அச்சட்டம் தொடவில்லை. இத்தகைய மிதமான சீர்திருத்தத்தையும் செல்வர் பொறுக்கவில்லை. உடன் டிரிப்யூனான ஆக்டேவியஸைக் கொண்டு அதைத் தடுத்தனர். ஏழைகளின் கேடயமாக முன்னோர் வார்த்த உரிமை செல்வரின் வாளாயிற்று.

டைபீரியஸ் நண்பரான ஆக்டேவியஸைக் கெஞ்சினார். அவரிடமும் பொது நிலம் இருந்தமையால், நஷ்டத்தைத் தம் கைப்பொருளிலிருந்தே தருவதாகவும் கூறினார். பலிக்கவில்லை. முடிவில் ஆக்டேவியஸைப் பதவியிலிருந்து நீக்குமாறு ஜனசபையையே கேட்டார். மொத்தம் 35 பிரிவுகளில் 17 நீக்குமாறு வாக்களித்துவிட்டன. இன்னும் ஒன்று வாக்களித்தால் முடிந்தது. அப்போதும் டைபீரியஸ் வாக்கெடுப்பை நிறுத்தி நண்பரைத் தழுவி வேண்டினார். ஆக்டேவியஸ் கண் கலங்கினார், எனினும் இசையவில்லை. பதினெட்டாம் பிரிவு வாக்களித்தது. சட்டம் நிறைவேறியது. டைபீரியஸ், அவர் மாமனார் ஏப்பியஸ் கிளாடியஸ், தம்பி கேயஸ் ஆகிய மூவரும் நிலம் பங்கிட நியமிக்கப்பட்டனர்.

இவ்விடத்தில் நாம் உண்மையை மறைத்தல் தகாது. ஜனங்கள் தேர்ந்த டிரிப்யூனை இடையில் நீக்குதல் ரோமாபுரி அதற்குமுன் கண்டறியாத செயல். நோக்கம் நேரியதாயினும் அது பின்வந்தோருக்குத் தீய முன்மாதிரியாயிற்று. அவ்வாண்டிலே பெர்கமம் நாட்டு அரசன் அட்டாலஸ் தன் நாட்டை ரோமானியருக்கு எழுதிவைத்து இறந்தபோது, அச்செல்வத்தைப் புதிய உழவருக்கு வழங்க டைபீரியஸ் முனைந்தார். அயல்நாட்டு விஷயமும் பணமும் ஸெனேட்டின் ஆட்சிக்குட்பட்டவை. ஆகவே பகை முற்றியது. பதவி முடிந்தால் உயிருக்கு ஆபத்தென்று கண்டு அவர் மறுமுறையும் தேர்தலுக்கு நின்றார். அதுவும் வழக்கத்துக்கு மாறானது.

தேர்தல் நாளில் கூச்சல் மிகுந்தது. தமக்கு ஆபத்து என்று குறிக்க டைபீரியஸ் கையைத் தலைமீது வைத்தார். முடி கேட்கிறாரென்று பகைவர் ஸெனேட்டுக்கு ஓடிச் சொன்னார்கள். கான்ஸல் ஸ்கேவோலா வன்முறைக்கு இணங்கவில்லை. ஆனால் தலைமைப் புரோகிதரான ஸிப்பியோ நாஸிகா அங்கியைத் தலையில் போர்த்துக்கொண்டு ஸெனேட் அங்கத்தினரை அழைத்துப் புறப்பட்டார். அவர் டைபீரியஸின் பெரியம்மாவின் மகன்! உடைந்த ஆசனங்களின் கால்களாலும் தடிகளாலும் தாக்கி, டைபீரியஸையும் 300-க்கு மேற்பட்டவரையும் கொன்றனர். அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை. உடல்களை உறவினருக்குத் தராமல் இரவோடிரவாக டைபர் நதியில் எறிந்தனர்.

மனிதரைக் கொன்றனரேயன்றிச் சட்டத்தை உடனே கொல்ல முடியவில்லை. நிலம் பங்கிடும் வேலை தொடர்ந்து நடந்தது. ஆணையாளர் பெயர் பொறித்த எல்லைக்கற்கள் இத்தாலி மண்ணிலிருந்து இன்றும் கிடைத்துள்ளன. உழவரின் சீரழிவு அவர் கருதிய அளவுக்கு இருந்ததா என்று இக்காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுறுகின்றனர். ஆயினும் நிலமற்றோரின் ஏக்கம் பொய்யன்று என்பதற்கு நிலம் வேண்டித் திரண்ட அக்கூட்டமே சாட்சி.

கி.மு. 123-லும் 122-லும் டிரிப்யூனான கேயஸ் தமையனின் பணியை விரிவாக்கினார். கி.மு. 121-ல் அவரும் மாண்டார். அவரைச் சேர்ந்தோர் 3,000 பேர் அழிந்தனர். அக்கொலையை நடத்திய கான்ஸல் ஒபிமியஸ், ஒற்றுமைத் தேவதைக்கு ஒரு கோயில் எழுப்பினார்! கி.மு. 107-ல் மாரியஸ் நிலமற்றோரைப் படையில் சேர்த்தார். நிலத்துக்காகக் குடியரசை நம்பிய வீரன் அன்றுமுதல் தன் தளபதியை நம்பத் தலைப்பட்டான். கி.மு. 88-ல் ஸுல்லா அத்தகைய படையுடன் ரோமாபுரிக்குள்ளேயே நுழைந்தார். கி.மு. 49-ல் ஸீஸர் அவ்வழியைப் பின்பற்றினார். கி.மு. 27-ல் அகஸ்டஸ் பெயரளவில் குடியரசை வைத்துக்கொண்டு அதன் உயிரைத் தமதாக்கிக்கொண்டார்.

இருநூறு ஆண்டு வாதத்தாலும் மறுப்பாலும் உரிமை பெற்ற ஜனங்களுக்கு, ஒரு நாள் தடியடியால் விடை கூறிய பிரபுக்கள் நூற்றாறு ஆண்டுகளுக்குள் தங்கள் சுதந்திரத்தையும் இழந்தனர். சில நூறு ஏக்கர் மிகுதியை விட்டுக்கொடுக்க மனமின்றி, முடிவில் முழுக் குடியரசையும் விட்டுக்கொடுத்தனர். டைபீரியஸின் முறையில் பிழை காண்போர் காணலாம், நாமும் கண்டோம். ஆனால் உழுது, போர் புரிந்து நாட்டைத் தாங்குபவனுக்கு அந்நாட்டில் ஒரு பங்கு வேண்டுமென்று அவர் கண்ட உண்மையில் பிழையில்லை. குடியரசின் கீழ் வாழும் எந்த ஜன சமூகமும் அதை மறக்கலாகாது.