மரங்களுக்காக ஒரு தோட்டம்

பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1841ல் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதிலேயே பாரீசில் பீங்கான் பாத்திரங்களில் பூ வரையும் வேலைக்குப் போனார். 1874ல் மோனே முதலிய நண்பர்களோடு அவர் நடத்திய கண்காட்சியைக் கேலி செய்யப் பிறந்த பெயர்தான் 'இம்ப்ரெஷனிசம்'.

ஐம்பது வயதுக்குப் பிறகு முடக்குவாதம் வந்தது. வெயிலைத் தேடி மத்தியதரைக் கடலோரம் போனார். 1907ல் கான்ய என்ற ஊரில் 'லே கொலெத்' தோட்டத்தை வாங்கினார். அங்கிருந்த பழமையான ஆலிவ் மரங்களை வெட்டிவிடுவார்களே என்ற கவலைதான் காரணம். புதுவீடு கட்டிக் குடியேறினாலும், வரைய விரும்பியது தோட்டத்துப் பழைய பண்ணைவீட்டைத்தான். 1908க்கும் 1914க்கும் இடையில் தீட்டிய அந்த ஓவியம் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மர நிழலில்கூட வெளிச்சம் ததும்பும் படம் அது.

அதை வரைந்த கை எப்படியிருந்தது தெரியுமா? விரல்கள் உள்நோக்கி மடங்கிவிட்டன. தூரிகையைக் கையில் கட்டிக்கொண்டு வரைந்தார் என்று சொல்வதுண்டு. உண்மையில் அந்தத் துணிக்கட்டு, விரல்கள் உள்ளங்கையைப் புண்ணாக்காமல் இருப்பதற்காக. தூரிகையை உடனிருப்பவர்கள் விரலிடுக்கில் செருகிவிடுவார்கள். கடைசி ஆண்டுகளில் சக்கர நாற்காலிதான். உலகப்போரில் இரு மகன்கள் காயப்பட்டார்கள். 1915ல் மனைவி அலீன் இறந்தார். வரைவது மட்டும் நிற்கவில்லை.

1919 டிசம்பர் 3ல் அதே வீட்டில் காலமானார். 1960 முதல் அது அருங்காட்சியகம். வலியோடு வாழ்ந்தவரின் படங்களில் வலியைத் தேடிப் பாருங்கள், வெயில்தான் கிடைக்கும்.