நீரைச் சாட்சியாக்கிய அறிஞர் அல்பிரூனி

மெட்ரிக் அளவைகள் வரும் வரை நம் புதுக்கோட்டைச் சீமையில் நெல்லையும் பயற்றையும் படியாலும் மரக்காலாலும் அளந்தனர். புளியையும் வெல்லத்தையும் வீசைக் கணக்கில் நிறுத்தனர். முன்னது பருமன், பின்னது நிறை. ஒரு படி நெல்லும் ஒரு படி அரிசியும் எடையில் ஒன்றல்ல என்பதை எழுத்தறியா மூதாட்டியரும் அறிவர். அவ்வேறுபாட்டிற்கு எண் கண்டு, அதனைக் கொண்டே பொருளின் மெய்ம்மையைச் சோதித்தவர் அபூ ரைஹான் அல்பிரூனி. அப்பேரறிஞரின் வாழ்வை ஈண்டு நினைவுகூர விழைகிறோம்.

கி.பி. 973ஆம் ஆண்டில் குவாரிசம் நாட்டுக் காத் நகரின் புறத்தே அவர் பிறந்தார். அவ்விடம் இன்று உஸ்பெகிஸ்தானில் உள்ளது. பிரூன் என்னும் பாரசீகச் சொல்லுக்குப் புறம் என்பது பொருள். பெயர் அதனால் அமைந்தது என்பர். இளமையிலேயே கணிதமும் வானியலும் கற்றுத் தேர்ந்தார். இப்னு சீனாவோடு மடல்வழி வாதிட்டார். 1017இல் கஜினி மகமூது குவாரிசத்தை வென்றபோது, கஜினிக்குக் கொண்டு செல்லப்பட்ட அறிஞருள் இவரும் ஒருவரானார். தாமே விரும்பித் தேடாத அவ்வாழ்வுதான் அவரை இந்தியாவிற்குக் கொணர்ந்தது. இங்கே வடமொழி பயின்றார். 1030 அளவில் முடித்த இந்தியா பற்றிய நூலில் நம் நாட்டு அளவைகளுக்கென ஓர் இயலையே ஒதுக்கினார். எடைக்கல் அசையாதிருக்க, தட்டு கோலின் குறிகள்மீது நகரும் துலாக்கோலை அதில் விளக்கியுள்ளார். நம் சந்தைகளில் புழங்கிய தூக்குக்கோலுக்கு அது உறவென்றே கருதுகிறோம்.

அவர் காலத்தில் நம் பகுதி சோழர் ஆட்சியில் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் அளித்த பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்துக் கல்வெட்டிற் பொறித்தனர். செம்மையான முறையே. ஆயினும் எடை, பொருள் எவ்வளவு என்று கூறுமேயன்றி, உள்ளே வெள்ளி கலந்துள்ளதா என்று கூறாது. உரைகல்லோ மேற்பரப்பை மட்டுமே அறியும். இவ்விடர் தீர அல்பிரூனி நீரைச் சாட்சிக்கு அழைத்தார்.

அவர் அமைத்தது கூம்பு வடிவக் கலம். கழுத்து மிகக் குறுகியது. பக்கத்தே கீழ்நோக்கி வளைந்த ஒரு குழாய். குழாயின் வாய்மட்டம் வரை நீர் நிரப்பி, முன்பே நிறுத்த பொருளை உள்ளே இடுவார். அப்பொருளின் பருமனுக்கு ஒத்த நீர் வழிந்து தராசுத் தட்டில் விழும். அந்நீரின் எடை பருமனை உரைக்கும். இரண்டையும் ஒப்பிட அடர்த்தி விளங்கும். கழுத்து அகன்றிருப்பின் சிறு மணிக்கல் நீரை உயர்த்துவதே கண்ணுக்குப் புலப்படாது. ஆர்க்கிமிடீசு குளியல் தொட்டியிலிருந்து ஓடிய கதையை நம் மாணவர் அனைவரும் அறிவர். இக்கலத்தை அறிந்தவர் சிலரே.

உலோகங்களுக்குப் பொன்னை நூறெனக் கொண்டார். அதே பருமனுள்ள வெள்ளி ஏறத்தாழ 54, இரும்பு 41 எனக் கண்டார். இன்றைய ஆய்வுக்கூடக் கணக்கும் அதனையொட்டியே உள்ளது! மணிகளுக்கு நீலக்கல்லை அளவுகோலாக்கினார். வெந்நீரும் தண்ணீரும், உப்புநீரும் நன்னீரும் அடர்த்தியில் வேறுபடுவதையும் அளந்தறிந்தார். சாட்சியையே ஐயுற்றுச் சோதித்த இவ்வெச்சரிக்கைதான் அவரது பெருமை என்போம்.

முதுமையில், மகமூதின் பேரன் மவ்தூது ஆண்ட நாளில், மணிகள் பற்றித் தனிநூல் இயற்றினார். சரந்தீபு என அரபியர் வழங்கிய இலங்கையின் மாணிக்கங்களும் அதில் இடம்பெற்றுள்ளன. 1050ஐ ஒட்டிக் கஜினியிலேயே மறைந்தார். அவருடைய அளவீடுகளை 1121இல் அல்காசினி தமது மீஸானுல் ஹிக்மா நூலில் சேர்த்துக் காத்தார். காத் நகர் இருந்த இடத்தை அடுத்துள்ள ஊர் இன்று பிரூனி என்றே வழங்கப்பெறுகிறது.