விவேகானந்தர்: படித்த அத்வைதமும் வாழ்ந்த அத்வைதமும்



கேஎல் சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நடந்திருப்பீங்க. அங்கே பழைய கட்டடம் ஒன்று, முன்னால் தலைப்பாகை கட்டிய துறவியின் சிலை. அதுதான் 1904-இல் இலங்கைத் தமிழர்கள் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமம். நம்மில் பலர் அதைத் தாண்டித் தாண்டிப் போகிறோம். ஆனால் அந்தத் துறவி யாரோடு போராடினார் என்று கேட்டால் பதில் வராது.

நம்ம வகுப்புகளில் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. எல்லா உயிரிலும் இருப்பது ஒரே பரம்பொருள்னு சொல்றீங்க, அப்புறம் ஏன் கோயிலில் இத்தனை விதி, கல்யாணத்தில் இத்தனை சாதி? பெரியவர்கள் சில பேர், கேள்வி கேட்காதே, அது வழக்கம் என்று வாயை அடைத்துவிடுவார்கள். இளைஞர்களில் சில பேர், எல்லாம் ஒன்றுதானே, கோயிலே வேண்டாம் என்று கிளம்பிவிடுவார்கள். விவேகானந்தர் இந்த இரண்டு பக்கத்திலும் நிற்கவில்லை. அவர் எங்கே நின்றார் என்பதை அவர் வாழ்க்கையிலேயே பார்ப்போம்.

நரேந்திரநாத் தத்தர் 1863 ஜனவரி 12-ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். அப்பா விசுவநாதர் வழக்கறிஞர். வீட்டுக்கு வரும் கட்சிக்காரர்களுக்குச் சாதிக்கு ஒன்றாகத் தனித்தனி ஹூக்கா வைத்திருப்பார்கள். ஒருவர் புகைத்ததை இன்னொரு சாதிக்காரர் தொட்டால் சாதி போய்விடும் என்பது வழக்கம். சின்னப் பையன் நரேன் ஒரு நாள் எல்லா ஹூக்காவிலும் வாய் வைத்துப் பார்த்தான். சாதி எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டுமாம்! ஒன்றும் ஆகவில்லை. (புகை பிடிக்கச் சொல்றேன்னு நினைச்சுடாதீங்க. கதை இன்னும் முடியவில்லை.)

கல்லூரிக் காலத்தில் அவர் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தார். உருவ வழிபாடும் பிடிக்காது, அத்வைதமும் பிடிக்காது. 1881-இல் ஸ்ரீ ராமகிருஷ்ணரைச் சந்தித்தார். குருநாதர் அஷ்டாவக்ர சம்ஹிதையைப் படிக்கச் சொன்னால், மனிதனே பிரம்மம் என்பது இறைவனைப் பழிப்பதல்லவா என்று சண்டை போடுவார். அப்படியானால் இந்தச் செம்பும் கடவுள், கிண்ணமும் கடவுள், நாமும் கடவுளா என்று நண்பரோடு சேர்ந்து சிரித்தார். அதைக் கேட்டுக்கொண்டே வந்த ராமகிருஷ்ணர் அவரைத் தொட்டார். அதன் பிறகு சில நாள் நரேன் கண்ட பொருள் எல்லாம் ஒன்றாகவே தெரிந்தது. சாப்பாடு, தட்டு, பரிமாறுபவர், சாப்பிடுபவர் எல்லாம் ஒன்று. கண்முன் இருப்பது நிஜமா கனவா என்று பார்க்க, பூங்காவின் இரும்புக் கம்பியில் தலையை முட்டிப் பார்த்தாராம்.

இந்த அனுபவம் வந்ததும் அவர் முழுமையாக மாறிவிட்டார் என்று நினைத்தால் அது தப்பு. 1886-இல் குருநாதர் மறைந்தார். நரேன் துறவியானார். 1888-இல் பிருந்தாவனத்துக்குப் போகும் வழியில், ஓரமாக உட்கார்ந்து ஒருவர் புகைப்பதைக் கண்டார். நடந்த களைப்பு. தனக்கும் கொஞ்சம் கொடு என்று கேட்டார். அந்த மனிதர் பயந்துபோய், தான் தெருக் கூட்டும் சாதி, தன் குழலை சாமியார் தொடக்கூடாது என்றார். சுவாமி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

கொஞ்ச தூரம் போனதும் மனசு குத்தியது. சாதியை, குலத்தை, பேரை எல்லாம் விட்டுத்தானே துறவியானோம்? எல்லாம் பிரம்மம் என்று படித்தவன், ஒரு சொல்லைக் கேட்டதும் ஏன் பின்வாங்கினேன்? திரும்பி நடந்தார். அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் எவ்வளவு மறுத்தும் விடாமல், அதே குழலை வாங்கிப் புகைத்துவிட்டுத்தான் போனார்.

சின்ன வயசில் ஹூக்காவில் வாய் வைத்தது விளையாட்டு. இது பரீட்சை. அத்வைதம் தலைக்குள் ஏறுவது சுலபம், கைக்கு இறங்குவதுதான் கஷ்டம். விவேகானந்தரே முதல் தடவை தோற்றார். தோற்றதை ஒத்துக்கொண்டு திரும்பி நடந்ததுதான் அவர் பெருமை.

1892 டிசம்பரில் கன்னியாகுமரிப் பாறையில் தியானம் செய்தார். அங்கே அவர் மனசில் நின்றது மோட்சம் அல்ல, வழியெல்லாம் கண்ட ஏழைகளின் பசி. அப்புறம் சென்னை. பள்ளி ஆசிரியர் அளசிங்கப் பெருமாளும் இளைஞர்களும் வீடு வீடாகப் போய் அவர் பயணத்துக்குப் பணம் திரட்டினார்கள். தமிழ் இளைஞர்கள் இல்லாமல் சிகாகோ இல்லை, இதை மறந்துடாதீங்க!

ஆனால் கடல் கடந்தால் தருமம் கெட்டுவிடும் என்பது அன்றைய ஆசார விதி. 1893 மே 31-இல் அவர் பம்பாயில் கப்பல் ஏறினார். கொழும்பு தாண்டி அந்தக் கப்பல் தொட்ட துறைகளில் நம்ம பினாங்கும் ஒன்று, அடுத்தது சிங்கப்பூர். அதே கடலைக் கடந்துதான் நம் பாட்டன் பூட்டன்மார் மலாயாத் தோட்டங்களுக்கும் ரயில் பாதை வேலைக்கும் வந்தார்கள். அந்த விதியை அப்படியே பிடித்துக்கொண்டால் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் வாழும் நாம் ஒருத்தர்கூட இந்து இல்லை! கடல் கடந்த தோஷத்தை வசதியாக மறந்துவிட்ட நாம், மூட்டையில் சாதியை மட்டும் ஏன் பத்திரமாகக் கொண்டு வந்தோம்? அதை நீங்களே யோசிச்சுப் பாருங்க.

சிகாகோ சர்வ சமயப் பேரவையில் 1893 செப்டம்பர் 11-இல் பேசி உலகப் புகழ் பெற்றார். 1897 ஜனவரி 26-இல் பாம்பனில் வந்து இறங்கியபோது ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி அவர் வண்டியைத் தானே இழுத்தார். மறுநாள் ராமேசுவரம் கோயிலிலேயே நின்று, சிலையில் மட்டும் சிவனைப் பார்ப்பது தொடக்கம்தான், ஏழையிடமும் நோயாளியிடமும் பார்ப்பவனே உண்மையாகப் பூசிக்கிறான் என்று பேசினார். மாலையோடு எதிர்ப்பும் வந்தது. காயஸ்த குலத்தவரான இவர் சூத்திரர், சூத்திரருக்குச் சந்நியாசம் ஏது என்று கேட்டார்கள். சென்னை மேடையில் அவர் அதற்கு நேராகவே பதில் சொன்னார். மதத்தைச் சமையலறைக்குள்ளும் தீட்டுக்குள்ளும் அடைத்துவிட்டோமே என்று வருந்தினார்.

அப்படியென்றால் சடங்கையெல்லாம் தூக்கிப் போட்டாரா? அதுதான் இல்லை. 1899-இல் இமயமலை மாயாவதியில் அத்வைத ஆசிரமம் தொடங்க வழி செய்தார். அங்கே உருவமும் பூசையும் கிடையாது என்பது விதி. 1901 தொடக்கத்தில் அவர் போனபோது, சீடர்கள் தம் குருநாதர் படத்தையே வைத்துப் பூசித்துக்கொண்டிருந்தார்கள். சுவாமி அதை ஏற்கவில்லை. ஒன்றேயான உண்மையைத் துணையில்லாமல் தேடுவதற்கு ஓர் இடமாவது வேண்டும் என்று நினைத்தார். ஆனால் அதை உடனே எடு என்று உத்தரவும் போடவில்லை. அவர்களே உணர்ந்து விடட்டும் என்று விட்டுவிட்டார்.

அதே 1901-இல், அதே சுவாமி, பேலூர் மடத்தில் துர்க்கா பூசையைச் சாஸ்திரப்படி முழுசாக நடத்தினார். துறவி தன் பெயரில் சங்கல்பம் செய்யக்கூடாது என்பதால் அன்னை சாரதாதேவியார் பெயரில் செய்தார்கள். அவரைச் சந்தேகப்பட்ட ஊர் ஆசாரக்காரர்களும் வந்து கலந்துகொண்டார்கள். ஒருவரை இறைவனிடம் அழைத்துப் போகும் சடங்கை அவர் வணங்கினார். மனிதனைத் தள்ளி வைக்கும் ஆசாரத்தைத்தான் எதிர்த்தார்.

கடைசியாக ஒரு காட்சி. மடத்தில் மண் வேலை செய்த சந்தால் பழங்குடிக் கூலிகளை அவர் விருந்துக்கு அழைத்தார். மற்றவர் தொட்டு உப்புப் போட்ட உணவை உண்பது எங்கள் வழக்கம் இல்லை என்றார்கள் அவர்கள். சுவாமி சிரித்துக்கொண்டே, உப்பில்லாமல் சமைக்கச் சொன்னார். பக்கத்தில் நின்று பரிமாறினார். நாராயணனுக்கே படைத்ததாக மகிழ்ந்தார். மேல்சாதியின் தீட்டை எதிர்த்து உலகமெல்லாம் பேசியவர், ஏழையின் வழக்கத்துக்காக உப்பை விட்டுக் கொடுத்தார்! அவருக்கு விதி முக்கியமில்லை, எதிரே இருந்த மனிதன்தான் முக்கியம். 1902 ஜூலை 4-இல், 39 வயதில், அவர் சமாதி அடைந்தார்.

இலங்கைத் தமிழர்களின் மரபு சைவ சித்தாந்தம். ஸ்காட் ரோடு கந்தசாமி கோயிலும் அவர்கள் நடத்துவதுதான். அவர்களேதான் ஓர் அத்வைதத் துறவியின் பெயரில் ஆசிரமமும் கட்டினார்கள். தத்துவம் வேறாக இருந்தாலும் பெரியோரைக் கும்பிடத் தெரிந்த மனசு அது.

தைப்பூசத்துக்குக் காவடி எடுங்க, திருமுறை பாடுங்க, கேள்வியும் கேளுங்க. ஆனால் கோயில் அன்னதானப் பந்தியிலோ, தோழியின் கல்யாணப் பேச்சிலோ, ஒருவருடைய குலத்தைக் கேட்டதும் உங்க மனசு ஓர் அடி பின்னால் போனால், அந்த இடத்திலேயே நில்லுங்க. பிருந்தாவனச் சாலையில் விவேகானந்தருக்கும் அது நடந்தது. அவர் திரும்பி நடந்தார். நாமும் நடக்கலாம்.