அகக்கண்ணால் கண்ட தண்டியடிகள்

காவிரி பாய்ந்து செந்நெல் விளைவிக்கும் சோழ வளநாட்டிலே திருவாரூர் தொன்மை மிக்கதொரு திருப்பதி. தியாகேசப் பெருமான் எழுந்தருளியுள்ள திருக்கோயிலின் மேற்றிசையில் கமலாலயம் என்னும் தீர்த்தம் கடல்போல் பரந்து விளங்குகிறது. கோயிலும் ஐந்து வேலி, குளமும் ஐந்து வேலி என்று அவ்வூரார் வழிவழியாகப் பெருமையுடன் சொல்லுவர். அக்கரையில் நிற்கும் அன்பர்கள் நெஞ்சில், முன்னொரு காலத்தில் தனியொருவராய் நின்று அதன் மண்ணை அகழ்ந்த அடியார் ஒருவரின் நினைவு எழுதல் இயல்பு. அவர் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். அறுபத்துமூன்று நாயன்மாருள் ஒருவராகிய தண்டியடிகளே அப்பெரியார்.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் தேவாசிரிய மண்டபத்து அடியார்களை வணங்கித் திருத்தொண்டத்தொகை பாடியபோது இவரையும் அதில் வைத்துப் போற்றினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் இவர் வரலாற்றை விரித்துரைத்தார்.

தண்டியடிகள் புறப்பொருள் எதனையும் கண்டறியாதவர். ஆயினும் இறைவன் திருவடிகளை நெஞ்சில் இடைவிடாது கண்டுகொண்டிருந்தவர். திருவைந்தெழுத்தை ஓதியவாறு திருக்கோயிலை நாள்தோறும் வலம் வருவது அவர் வழக்கம். அவருக்குக் குறை ஒன்றும் தோன்றவில்லை. குறை தோன்றியது திருக்குளத்தின் நிலையிலேதான். அதன் கரையருகே சமணர்களின் இருப்பிடங்கள் பெருகினமையால் குளம் இடங்குறைந்து சுருங்கியிருந்தது. கண்ணுடையோர் பலர் அதனை நாளும் பார்த்துச் சென்றனர். தாமே கல்லி அதனைப் பெருக்குவது என்று துணிந்தவர், பார்வையில்லாத தண்டியடிகளே.

அவர் மேற்கொண்ட முறை எளியது. குழியினுள்ளே ஒரு தறியையும், கரைமேல் மற்றொரு தறியையும் நட்டார்; இரண்டையும் கயிற்றால் இணைத்துக் கட்டினார். குழியில் இறங்கி மண்ணை வெட்டிக் கூடையில் நிரப்புவார். கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறி மண்ணைக் கொட்டுவார். மீண்டும் கயிற்றின் வழியே இறங்குவார். கண் செய்ய வேண்டிய பணியைக் கையும் கயிறும் செய்தன. கைக்கும் காலுக்கும் வழிகாட்டியது அன்பு.

அவ்விடத்திருந்த சமணர்கள் இதனைப் பொறாராயினர். மண்ணைக் கல்லினால் சிற்றுயிர்கள் மடியும் என்று தடுத்தனர். கொல்லாமையைப் பேரறமாகக் கொண்டவர்களின் சொல்லாதலின் அதனை வெறும் தடையென்று தள்ளிவிடல் ஆகாது. அடிகளோ, இறைவனுக்குச் செய்யும் இத்தொண்டும் அறமே என்று உறுதியாக நின்றார். வாதம் வலுக்கவே அவர்கள் அவரது குருட்டுத்தன்மையை இகழ்ந்து பேசினர். கண் பெற்றால் என் செய்வீர் என்று அடிகள் வினவ, அவர் கண் பெறின் தாம் இவ்வூரில் இருப்பதில்லை என்று அவர்கள் விடையிறுத்தனர். அதனோடு நில்லாது அவருடைய கருவிகளையும் பறித்தனர்.

அன்றிரவு அடிகள் பெருமானிடம் முறையிட்டுத் துயின்றார். இறைவன் கனவில் தோன்றி அவருக்கு ஆறுதல் அருளினான். சோழ மன்னன் கனவிலும் தோன்றித் தன் தொண்டனின் கருத்தை முடிக்குமாறு பணித்தான். மறுநாள் மன்னனும் ஊராரும் கரையில் சூழ்ந்து நிற்க, தண்டியடிகள் ஐந்தெழுத்தை ஓதி நீரில் மூழ்கிக் கண்பெற்று எழுந்தார் என்றும், இகழ்ந்தவர்கள் அக்கணமே பார்வை இழந்து ஊரை நீங்கினர் என்றும் புராணம் கூறும். இது சமயப் பூசல் மிகுந்திருந்த காலத்து வரலாறு. சீவகசிந்தாமணியும் நன்னூலும் தந்த சமணச் சான்றோரைத் தமிழுலகம் என்றும் நன்றியோடு நினைக்கும். ஆதலின் இவ்வரலாற்றில் அன்பர்கள் கொள்ளத்தக்கது பகைமை அன்று. காண்பது யாது என்னும் வினாவே.

அவ்வினா மேனாட்டாரையும் ஆட்கொண்டதுண்டு. பிறவிக் குருடர் ஒருவர் கண்பெற்றால், முன்பு தடவி அறிந்த உருண்டையையும் கனசதுரத்தையும் பார்த்த அளவிலே இனம் காண்பாரா என்று வில்லியம் மாலினூ என்பார் 1688-இல் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு எழுதிக் கேட்டார். பவன் சின்ஹாவும் அவரோடு சேர்ந்த அறிஞர்களும் 2011-இல் இதற்கு ஒரு விடை வெளியிட்டனர். சிகிச்சையால் பார்வை பெற்ற ஐந்து இந்தியச் சிறார்களை அவர்கள் ஆராய்ந்திருந்தனர். கைக்குப் பழகிய வடிவத்தைக் கண்ணால் மட்டும் கண்டு தேர்ந்தெடுக்க அச்சிறார்களால் உடனே இயலவில்லை. மீண்டும் சோதிக்கப்பட்டவர்களிடம் சில நாட்களிலேயே அவ்வாற்றல் தோன்றிற்று. கண் ஒளியைக் கொணரும். பொருளை இன்னதென்று அறிய உள்ளம் பழகவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

சைவ சித்தாந்தம் இதனினும் ஒருபடி மேலே செல்லும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞானபோதம் அருளிய ஆசிரியருக்கு மெய்கண்டார் என்பதே திருநாமம். கண் தானே காணாது, உயிர் உடனின்று காட்டவே காணும். அவ்வாறே உயிரும் தானே காணாது, இறைவன் காட்டவே காணும் என்பது அந்நூலின் கொள்கை. சுந்தரர் தம் சூளுறவு தவறித் திருவொற்றியூரில் இரு கண்ணும் இழந்தார். காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார். கண் இழந்த நாளிலும் அவர் பாடுதலை விட்டாரில்லை. தண்டியடிகளும் கண் பெறுவதற்கு முன்னரே காண வேண்டியதைக் கண்டிருந்தார்.

அதற்குச் சான்று அவரது பிற்கால வாழ்வு. புதிதாகக் கண் பெற்றவர் உலகின் காட்சிகளைத் தேடிப் புறப்படவில்லை. விட்ட இடத்திலிருந்து குளப்பணியைத் தொடர்ந்து நிறைவேற்றினார். கண் இல்லாதபோது கண்ட கடமையே கண் வந்தபோதும் அவருக்குத் தெரிந்தது. பின்னர் திருவடி நிழலை அடைந்தார். பங்குனித் திங்கள் சதய நாள் அவருடைய குருபூசைத் திருநாள்.

குடமுழுக்குக் காலத்தில் சிற்பி புதிய திருமேனிக்குக் கண் திறக்கும் சடங்கு நிகழ்கிறது. அந்நேரத்தில் வழிபடுவோரின் கண்ணும் திறத்தல் வேண்டும். கோபுரத்தின் பொலிவைக் காணும் கண், தூர்ந்து கிடக்கும் திருக்குளத்தையும் காணுமாயின், தறியும் கயிறும் கொண்டு மண் சுமந்த தண்டியடிகளின் தொண்டு இந்நாட்டில் ஓயாது தொடரும்.