கடலின் வற்றுப்பெருக்கைக் கணக்கிட்ட துறவி: புனித பீட்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் டைன் என்னும் ஆறு வட கடலில் கலக்கின்றது. அதன் முகத்துவாரத்துக்கு அண்மையில், ஜரோ என்னும் இடத்தில், 1300 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு துறவற மடம் இருந்தது. கடல் பெருகும்போது அயலிலுள்ள சேற்றுநிலம் நீரில் மூழ்கிவிடும். வற்றும்போது மீண்டும் வெளியே தெரியும். நாளுக்கு இருமுறை நிகழும் இம்மாற்றத்துக்கும் சந்திரனுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டு எழுதிவைத்தவர் அம்மடத்துத் துறவியாகிய புனித பீட்.

பீட் 673ஆம் ஆண்டளவில் பிறந்தார். ஏழு வயதில் உறவினர் அவரை மடாதிபதி பெனடிக்ற் பிஸ்கொப்பிடம் ஒப்படைத்தனர். உரோமாபுரிக்குப் பலமுறை பயணஞ்செய்து அரிய நூல்களைக் கொண்டுவந்து சேர்த்தவர் இந்த மடாதிபதி. வியர்மவுத், ஜரோ ஆகிய இரு இடங்களில் அமைந்திருந்த அந்த மடத்தின் நூல்நிலையமே பீடுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. 686ஆம் ஆண்டளவில் ஜரோவில் கொள்ளைநோய் பரவியது. திருப்பாடல்களை முறையாகப் பாடத் தெரிந்தவர்களுள் மடாதிபதி செயோல்பிரித்தும் ஒரு சிறுவனும் மட்டுமே உயிர் பிழைத்தனர். இருவருமாகவே அன்றாட செபத்தை விடாது பாடிவந்தனர். அச்சிறுவன் பீட் என்றே பலரும் கருதுகின்றனர். அவர் 19 வயதில் தியாக்கோனாகவும் 30 வயதில் குருவாகவும் திருநிலைப்படுத்தப்பட்டார்.

குருவானவர் ஒருவர் சந்திரனைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்படவேண்டும் என்று வாசகர் கேட்கலாம். உயிர்த்த ஞாயிறு, இளவேனிற்காலத்தில் இரவும் பகலும் சமமாகும் நாளையடுத்து வரும் பூரணைக்குப் பின் வரும் ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாடப்படுவது. ஆகவே சந்திரக் கணக்குப் பிழைத்தால் பெருவிழாவே பிழைத்துவிடும். பீட் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை அந்நாட்டில் அதுவே நடந்தது. அரசன் ஒஸ்வியு அயர்லாந்துத் துறவிகளின் கணக்கைப் பின்பற்றினான். அரசியோ உரோமைக் கணக்கைப் பின்பற்றினாள். அரசன் உயிர்ப்பு விழா கொண்டாடும் நாளில் அரசி இன்னும் தபசுகால நோன்பிலிருந்து குருத்து ஞாயிறு அனுசரித்த ஆண்டுகளும் உண்டு. ஒரே வீட்டில் ஒருபுறம் விருந்தும் மறுபுறம் நோன்புமாக இருந்த இந்நிலை 664ஆம் ஆண்டு விற்பி என்னுமிடத்தில் கூடிய சங்கத்தின் பின்னரே நீங்கியது.

எனவே மாணவருக்கு இக்கணக்கைப் பிழையின்றிக் கற்பிப்பதைப் பீட் தம் கடமையாகக் கொண்டார். 703ஆம் ஆண்டில் காலக் கணிப்புப் பற்றிச் சிறுநூல் ஒன்றை எழுதினார். அது மிகச் சுருக்கமாக இருக்கின்றதென மாணவர் குறைப்பட்டனர். ஆகவே 725ஆம் ஆண்டில் அதனை விரித்துப் பெருநூலாக்கினார். அந்நூலின் ஓர் அதிகாரம் கடலுக்கும் சந்திரனுக்கும் உள்ள உறவைக் கூறுகின்றது.

சந்திரன் ஒவ்வொரு நாளும் முன்னைய நாளிலும் பார்க்கச் சுமார் 48 நிமிடம் பிந்தி உதிப்பதையும், கடற்பெருக்கும் அதே அளவு பிந்தி வருவதையும் அவர் காட்டினார். இன்றைய சராசரிக் கணக்கு ஏறக்குறைய 50 நிமிடமாகும். இரண்டு சந்திர மாதங்களில், அதாவது 59 நாட்களில், கடல் 118 தடவையன்று, 114 தடவையே பெருகும் என்றும் கணக்கிட்டார். அமாவாசை, பூரணை நாட்களை ஒட்டிப் பெருக்கு உயர்வதும், அரைச் சந்திர நாட்களை ஒட்டித் தாழ்வதும் அவர் அறிந்தவையே. காற்று பெருக்கை முந்தச் செய்யவோ பிந்தச் செய்யவோ கூடும் என்பதையும் அவர் குறிக்க மறக்கவில்லை.

சந்திரனுக்கும் கடலுக்கும் தொடர்புண்டு என்பதைப் பண்டைய உரோமரும் அறிந்திருந்தனர். பிளினி என்பவரின் நூலிலிருந்து பீட் அதைக் கற்றிருந்தார். ஆயினும் பெருக்கு எல்லாக் கரைகளிலும் ஒரே வேளையில் எழும் என்று எழுதிவைத்தவர்களும் இருந்தனர். பீட் இதனை ஏற்கவில்லை. தமக்கு வடக்கே அதே கரையில் வாழ்வோர் பெருக்கைத் தமக்கு முந்தியே காண்கின்றனர். தெற்கே வாழ்வோர் பிந்திக் காண்கின்றனர். ஒவ்வோர் இடத்துக்கும் சந்திரனோடு தனக்கே உரிய நேர ஒழுங்கு உண்டு. அந்த இடத்தில் அது மாறுவதில்லை. இதுவே அவர் கண்ட உண்மை. மடத்தைவிட்டு அரிதாகவே வெளியே சென்ற அவருக்கு, கடலோர மடங்களிலிருந்து கிடைத்த செய்திகள் இதில் உதவியிருக்க வேண்டும். ஏட்டில் இருந்ததைக் கரையிலிருந்தோர் கண்டதோடு ஒப்பிட்டுப் பார்த்தார் என்பதே அவருடைய பெருமை.

காரணம் அவருக்குத் தெரியாது. சந்திரன் ஏதோ ஒருவித மூச்சினால் கடலை இழுக்கின்றதென அவர் எண்ணினார். 1687ஆம் ஆண்டில் நியூற்றன் ஈர்ப்பு விதியைக் கொண்டு இதனை விளக்கினார். சந்திரன் தனக்கு நேரேயுள்ள கடலைக் கூடுதலாகவும் பூமியின் மறுபுறத்துக் கடலைக் குறைவாகவும் ஈர்ப்பதால் இருபுறமும் நீர் உயர முனைகின்றது. பூமி சுழல்வதால் பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரு பெருக்குகள் வருகின்றன. சூரியனின் செல்வாக்கு சந்திரனுடையதில் ஏறக்குறைய பாதி. அமாவாசையிலும் பூரணையிலும் இரண்டும் ஒரே கோட்டில் சேர்ந்து இழுப்பதால் பெருக்கு உயர்கின்றது. அத்திலாந்திக் சமுத்திரத்தின் பெருக்கு ஸ்கொத்லாந்தின் வடமுனையைச் சுற்றி வட கடலுள் புகுந்து கரையோரமாகத் தெற்கே செல்கின்றது. ஆகவே வடக்கே வாழ்வோர் முந்திக் காண்பதாகப் பீட் எழுதியது முற்றிலும் சரியே.

731ஆம் ஆண்டில் அவர் எழுதி முடித்த ஆங்கிலேயரின் திருச்சபை வரலாறே அவரைப் பெரிதும் புகழ்பெறச் செய்தது. அதிலும் கடல் வருகின்றது: நாளுக்கு இருமுறை நீர் சூழ்ந்து தீவாகி, இருமுறை கரையோடு சேரும் லின்டிஸ்பாண் மடத்தைப் பற்றி அவர் எழுதியுள்ளார்.

735ஆம் ஆண்டு மே மாதம், ஆண்டவரின் விண்ணேற்பு விழாவுக்கு முந்திய மாலையில் அவர் இறந்தார். நோயின் இறுதி நாட்களிலும் அருளப்பர் நற்செய்தியைத் தம் மக்களின் மொழியில் பெயர்த்துச் சொல்ல, இளைஞன் ஒருவன் அதை எழுதிக்கொண்டிருந்தான். எஞ்சியிருந்த கடைசி வசனத்தையும் சொல்லி முடித்த பின்னரே அவர் உயிர் பிரிந்தது. அவரது உடல் இன்று டேர்ஹம் பேராலயத்தில் உள்ளது. 1899ஆம் ஆண்டில் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். அவருடைய திருநாள் மே 25.

இன்று துறைமுகங்களில் கப்பலோட்டிகள் பார்க்கும் வற்றுப்பெருக்கு அட்டவணை ஒவ்வொரு துறைக்கும் வெவ்வேறாகவே அச்சிடப்படுகின்றது. ஒரு துறையின் நேரம் மற்றத் துறைக்குப் பொருந்தாது. ஜரோ மடத்தின் மாணவர் இப்பாடத்தை 725ஆம் ஆண்டிலேயே தங்கள் ஆசிரியரிடம் கற்றுக்கொண்டனர்.