மேடு ஏறிய வண்டி

1898-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 24-ந் தேதி இரவு. பாரிஸ் நகரில் நண்பர்கள் கூடிக் கிறிஸ்துமஸ் விருந்து உண்டார்கள். அவர்களில் 21 வயது வாலிபன் ஒருவன் பந்தயம் கட்டினான். மான்மார்த்ர் குன்றின் மீது ஏறும் லெப்பிக் தெருவில், தான் செய்த மோட்டார் வண்டி நிற்காமல் ஏறிவிடும் என்றான்.

லெப்பிக் தெரு சாதாரண மேடு அல்ல. 100 அடி தூரம் போனால் 13 அடி உயரம் ஏறவேண்டும். அந்தக் காலத்து மோட்டார்கள் பல, இப்படிப்பட்ட இடத்தில் பாதி வழியில் நின்றுவிடும். இறங்கித் தள்ளவேண்டியதுதான். அவனுடைய வண்டியில் இருந்ததோ இரண்டு குதிரை சக்தி கூட இல்லாத என்ஜின்.

வண்டி ஏறிவிட்டது! அன்று இரவே 12 பேர் தங்களுக்கும் அதே போல் வண்டி வேண்டும் என்று கேட்டார்கள்.

அந்த வாலிபன்தான் லூயி ரெனால்ட். பிரெஞ்சுக்காரர்கள் "ரெனோ" என்பார்கள். 2010-ல் சென்னையை அடுத்த ஒரகடத்தில் திறக்கப்பட்ட கார் தொழிற்சாலையின் பெயரில் இருப்பது இவர் பெயரே.

தோட்டத்துக் கொட்டகை

லூயி 1877-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி பாரிசில் பிறந்தான். தந்தை துணியும் பொத்தானும் விற்கும் வியாபாரி. வசதியான குடும்பம். அண்ணன்மார் பெர்னாண்டும் மார்செலும் வியாபாரத்தில் இறங்கினார்கள். லூயிக்குப் பள்ளிக்கூடமும் பிடிக்கவில்லை, கடையும் பிடிக்கவில்லை. ரெயில் என்ஜினில் கரி வைக்கும் பெட்டியில் ஒளிந்துகொண்டு ரூவான் நகர் வரை போனவன் என்று ஒரு கதை சொல்வார்கள். நீராவிக் கார் செய்த செர்ப்பொலே என்பவரின் பட்டறையே கதி என்று கிடந்தான்.

பாரிசை அடுத்த பில்லாங்கூரில் அவர்களுக்கு ஒரு தோட்ட வீடு இருந்தது. தோட்டத்தின் கோடியில் ஒரு கொட்டகை. அதுவே அவன் பட்டறை ஆயிற்று.

இரவல் என்ஜின், சொந்தக் கியர்

லூயி "டெ டியோன் பூட்டோன்" கம்பெனியின் மூன்று சக்கர வண்டி ஒன்று வைத்திருந்தான். அதன் ஒற்றைச் சிலிண்டர் என்ஜினுக்கு நல்ல பெயர். ஆனால் அது பின் சக்கரங்களின் அருகே உட்கார்ந்து, பற்சக்கரம் மூலம் நேராக அச்சைச் சுழற்றும். கியர் மாற்ற வழி கிடையாது. மேடு வந்தால் ஓட்டுகிறவர் சைக்கிள் போல் காலால் மிதித்து உதவவேண்டும்.

லூயி நான்கு சக்கர வண்டி கட்டினான். அதே கம்பெனியின் சிறு என்ஜினை முன்பக்கம் வைத்தான். சுழல வேண்டியதோ பின் சக்கரம். இடையில் வேண்டிய கியர்ப் பெட்டியை அவனே செய்யவேண்டும்.

ஒருவர் செய்த என்ஜினும் மற்றொருவர் செய்த கியர்ப் பெட்டியும் எளிதில் ஒத்துப்போவதில்லை. என்ஜின் மாற்றிய மெக்கானிக்குகளைக் கேட்டால் சொல்வார்கள். போல்ட் துளைகள் பொருந்தா. துளைகளைப் பொருத்தினாலும், இரண்டின் தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும். மயிரிழை விலகினாலும் பேரிங் சூடேறும், பற்கள் தேயும். பிற்காலத்தில் இதற்கென்றே இடையில் ஒரு உலோகத் தகடு வைத்தார்கள். அதன் துளைகளில் சில என்ஜினுக்குப் பொருந்தும், மற்றவை கியர்ப் பெட்டிக்குப் பொருந்தும். லூயி பெட்டியையே அந்த என்ஜினுக்காகச் செய்துகொண்டான்.

அந்த நாள் கார்களில் பெரும்பாலும் செயின் அல்லது பெல்ட்தான் சக்கரத்தைச் சுழற்றியது. செயினில் புழுதி ஏறும், சத்தம் காதைத் துளைக்கும், நடுவழியில் அறுந்தும் போகும். கியர்ப் பெட்டியிலும் ஒரு குறை. எந்த வேகத்தில் போனாலும் சக்தி பற்சக்கரங்களின் வழியாகவே போகவேண்டும். பல்லோடு பல் உராயும் இடத்தில் எல்லாம் கொஞ்சம் சக்தி வீணாகும்.

லூயியின் பெட்டியில் முன்னால் போக மூன்று கியர்கள், பின்னால் வர ஒன்று. முதல் இரண்டில் சக்தி பற்சக்கரங்கள் வழியே சென்றது. மூன்றாவதில்தான் புதுமை. என்ஜினிலிருந்து வரும் தண்டும், சக்கரத்துக்குப் போகும் தண்டும் முனையோடு முனை கவ்விக்கொண்டு ஒரே தண்டு போல் சுழன்றன. நடுவில் சக்தியைக் கடத்தப் பற்சக்கரமே இல்லை! அங்கிருந்து பின் அச்சுக்குச் செயின் இல்லை, இரும்புத் தண்டு. பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது தண்டு முறியாமல் வளைந்து கொடுக்க, யூனிவர்சல் ஜாயிண்ட் வைத்தான்.

லெப்பிக் தெருவில் கைகொடுத்தது இந்த மூன்றாவது கியர் அல்ல. அத்தனை சிறு என்ஜினை மேட்டில் இழுக்க வைப்பது கீழ்க் கியரின் வேலை. மேட்டையும் ஏறி, சமதரையில் சத்தம் இல்லாமலும் ஓடியதே வாங்க வந்தவர்களை மயக்கியது.

1899 பிப்ரவரி 9-ந் தேதி லூயி காப்புரிமை கேட்டு மனுப் போட்டான். அதே மாதம் அண்ணன்மார் இருவரும் "ரெனால்ட் சகோதரர்கள்" கம்பெனியைத் தொடங்கினார்கள். வண்டியைக் கண்டுபிடித்தவனுக்கு முதலில் அதில் பங்கு இல்லை, சம்பளம்தான்! ஆனால் காப்புரிமை அவனுடையது. மற்றக் கம்பெனிகள் அந்த முறையைக் கையாண்டபோது லூயி கோர்ட்டுக்குப் போய்ப் பணம் வசூலித்தார்.

அண்ணன் மரணம்

பந்தயங்களில் வென்றால் கார் விற்கும். ஆகவே சகோதரர்களே ஓட்டினார்கள். 1903 மே 24-ந் தேதி பாரிஸ்-மாட்ரிட் பந்தயம். லூயி முன்னணியில் போர்தோ நகரை அடைந்தார். பின்னால் வந்த மார்செலின் கார் கூஹே-வெராக் அருகே கவிழ்ந்தது. மார்செல் பிழைக்கவில்லை. பலர் மாண்டதால் அரசாங்கம் பந்தயத்தையே நிறுத்தியது. லூயி அதன் பிறகு பந்தயத்தில் ஓட்டவில்லை.

1909-ல் பெர்னாண்டும் இறந்தார். 32 வயதில் லூயி தனியாக நின்றார்.

தொழில் மட்டும் வளர்ந்தது. 1914 செப்டம்பரில் மார்ன் போர்முனைக்குப் பாரிசிலிருந்து சிப்பாய்களை ஏற்றிச் சென்ற டாக்சிகளில் பெரும்பாலானவை ரெனால்ட் கார்களே. 1917-ல் அவருடைய சிறிய டாங்கிகள் வந்தன. செயின் நதியின் நடுவே செகேன் தீவில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. கூச்ச சுபாவம் உள்ள அவர், தொழிலாளர்களிடம் கண்டிப்பானவர். கடிகாரம் வைத்து வேலையை அளந்ததை எதிர்த்து 1913-ல் வேலை நிறுத்தம் நடந்தது.

நடக்காத விசாரணை

1940-ல் ஜெர்மானியர் பாரிசைப் பிடித்தார்கள். ரெனால்ட் தொழிற்சாலை ஜெர்மன் ராணுவத்துக்கு லாரிகள் செய்தது. 1942 மார்ச் 3-ந் தேதி இரவு பிரிட்டிஷ் விமானங்கள் அங்கே குண்டு வீசின. சுற்றுப்புறத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

1944-ல் பாரிஸ் விடுதலை பெற்றது. எதிரிக்கு உழைத்தவர் என்ற குற்றச்சாட்டின் பேரில் செப்டம்பரில் லூயியைக் கைது செய்தார்கள். மறுத்திருந்தால் எந்திரங்களையும் ஆட்களையும் ஜெர்மனிக்கு ஓட்டிப் போயிருப்பார்கள் என்பது அவர் தரப்பு வாதம். லாரிகள் போர்முனைக்குப் போனதும் உண்மையே. எது எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்க நீதிமன்றத்துக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. அக்டோபர் 24-ந் தேதி, விசாரணைக்கு முன்பே லூயி இறந்தார்.

1945 ஜனவரியில் பிரெஞ்சு அரசாங்கம் தொழிற்சாலையை எடுத்துக்கொண்டது. ரெனால்ட் என்ற பெயரை மட்டும் நீக்கவில்லை.