குத்துச்சண்டை ஆசான் கோல்ட்மன்

குத்துச்சண்டைக்கும் இலக்கணம் கற்பிக்கும் எனக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும், ஆசிரியத் தொழில் பூண்டோர் அறியவேண்டிய பெருமக்களுள் ஒருவராகச் சார்ளி கோல்ட்மனை நான் மதிக்கின்றேன்.

போலந்து நாட்டு வார்சோ நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த கோல்ட்மன், இளமையிலேயே அமெரிக்கா சென்று, நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் வளர்ந்தார். குள்ள உருவினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்கி, நூற்றுக்கு மேற்பட்ட போட்டிகளிற் பொருதார். உலகச் சம்பியன் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. கிட்டியவை நசுங்கிய மூக்கும் முறிந்து கோணிய கைகளுமே.

தாம் பெறாததைப் பிறர் பெறச் செய்தார். அவர் பயிற்றிய அல் மக்கோய் 1914 இலும், லூ அம்பேர்ஸ் 1936 இலும், மார்ட்டி சேர்வோ 1946 இலும் தத்தம் நிறைப் பிரிவுகளில் உலகச் சம்பியன்களாயினர்.

1948 இல் ரொக்கி மார்சியானோ அவரிடம் வந்தார். சப்பாத்துத் தொழிலாளி ஒருவரின் மைந்தர். 24 வயது நிரம்பியவர். நிறை மிக்கோர் பிரிவுக்கு உயரம் போதாது, கைகளோ குட்டை, கால்கள் நிலைகொள்ளா. கண்டோர் பலர், இவர் தேறார் என்றே கருதினர். கோல்ட்மன் கண்டது வலக்கையின் வன்மையை.

பிற வீரரைப்போல நிமிர்ந்து நின்று பொருதும்படி அவர் பணிக்கவில்லை. குட்டையானவரை மேலும் குனியச் செய்தார். எதிரியின் அடி தலைக்கு மேலாற் சென்றது. குறுங்கை நெருங்கிச் சென்று தாக்கியது. அகன்று விலகிய கால்களை, இரு சப்பாத்துகளையும் கயிற்றாற் பிணைத்துப் பழக்கினார். இடக்கைக்கும் தொழில் கற்பித்தார்.

1952 செப்டெம்பர் 23 ஆம் நாள், பிலடெல்பியா நகரில், ஜேர்சி ஜோ வோல்கொட்டுடன் மார்சியானோ பொருதார். முதற் சுற்றிலேயே வீழ்ந்து எழுந்தார், புள்ளிகளிலும் பின்னடைந்தார். பதின்மூன்றாம் சுற்றில் அக்குறுங்கையின் ஓரடி பட்டத்தை ஈட்டியது. 1956 இல் அவர் ஓய்வு பெற்றபோது, பொருத 49 போட்டிகளிலும் வென்றிருந்தார். கோல்ட்மன் 1968 இல் மறைந்தார்.

நன்னூலார் கடைமாணாக்கருக்கு இல்லிக்குடத்தை உவமை கூறினார். வெண்பாவுக்குச் சீர் பிரிக்க அறியாத மாணவன் ஒருவனை நானும் அவ்வகையிற் சேர்த்துப் பின்வரிசையில் இருத்தினேன். அவனிடம் வேறு யாது வன்மை இருந்ததென்று நான் ஒருநாளும் நோக்கவில்லை. கோல்ட்மனின் வரலாற்றை அறிந்தபின், அவன் முகமே அடிக்கடி என் நினைவில் எழுகின்றது.